ஓல்ட்ஸ்மொபில் முதுமையால் சாகவில்லை: ஒரு மோட்டார் அருங்காட்சியகத்தின் அறங்காவலர்களுக்குத் திறந்த மடல்

அறங்காவலர் குழுவினருக்கு,

புதுப்பித்துத் திறந்திருக்கும் உங்கள் கூடத்தில், ஜெனரல் மோட்டார்ஸின் பழம்பெரும் அமெரிக்கக் கார்ப் பெயரான ஓல்ட்ஸ்மொபிலுக்கு இப்போது இரண்டு கார்களும் ஒரு தகவல் பலகையும்தான் மிஞ்சியிருக்கின்றன. வளைந்த முன்பலகை கொண்ட பழைய சிறு கார் ஒன்று, 1949இன் ராக்கெட் 88 ஒன்று. அதற்குப் பிந்தைய அரை நூற்றாண்டைப் பலகை நான்கு வரியில் முடித்துவிடுகிறது. வாங்கியவர்களுக்கு வயதாகிவிட்டதாம், இளையவர்களின் ரசனை மாறிவிட்டதாம், அதனால் 2004இல் ஓல்ட்ஸ்மொபில் விடைபெற்றதாம். குறுக்கே அறுத்து வைத்திருந்த டீசல் இன்ஜின் காணோம். பெயர்ச் சின்னங்களை மறைத்து மாட்டியிருந்த நான்கு கார்களின் படங்கள் காணோம். ஆலைத் தொழிலாளர்களின் குரல்களைக் காதில் மாட்டிக் கேட்கும் மூலை, நினைவுப் பொருள் கடையாகிவிட்டது.

அந்தப் பலகையை எடுங்கள், எடுத்ததையெல்லாம் திரும்ப வையுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

ஆங்கிலத்தில் முன்பே எழுதினேன். என் ஆர்வத்துக்கு நன்றி சொல்லி அச்சடித்த பதில் வந்தது. அதன் பிறகு வழிகாட்டிகளாகிய எங்களுக்கு ஒரு சுற்றறிக்கை: கொடுத்த விளக்கக் குறிப்பைத் தாண்டி எதுவும் பேச வேண்டாம். ஆகவே பொதுவில் எழுதுகிறேன், தமிழிலும் எழுதுகிறேன். சனிக்கிழமைகளில் உங்கள் கூடத்தை நான் சுற்றிக்காட்டிய தமிழ்க் குடும்பங்கள் இதைப் படிக்க வேண்டும். நுழைவுச்சீட்டுக்குக் காசு கொடுத்தவர்கள் அவர்கள். ஆங்கில வடிவம் உங்கள் மேசைக்குத் தனியே வரும்.

மிச்சிகனில் உதிரிபாகம் செய்யும் ஒரு சிறு பட்டறையில் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு பாகத்தை ஏன் கழித்தோம் என்று சீட்டு எழுதுவதுதான் என் பிழைப்பு. அந்தச் சீட்டில் ‘பாகத்துக்கு வயதாகிவிட்டது’ என்று எழுதினால் மறுநாள் என்னைக் கழித்திருப்பார்கள். எந்த அளவு பிசகியது, எந்த இயந்திரத்தில் பிசகியது, யார் கண்ணில் பட்டது என்று எழுத வேண்டும். உங்கள் பலகையையும் அந்தக் கண்ணோடுதான் படித்தேன்.

முதலில் ஓல்ட்ஸ்மொபில் எதற்காக இருந்தது என்பதைப் பேச வேண்டும். பலகையில் அதுவே இல்லை.

ரான்சம் ஓல்ட்ஸ் 1897இல் மிச்சிகனின் லான்சிங்கில் தொடங்கிய கம்பெனி அது. இடையில் டெட்ராய்ட்டுக்குப் போனார்கள், 1901இல் அந்த ஆலை எரிந்தது. மீண்டும் லான்சிங்குக்கு வந்து, ஒற்றை சிலிண்டர் வைத்த, 650 டாலர் விலையுள்ள சிறு காரை ஆயிரக்கணக்கில் செய்தார்கள். ஃபோர்டின் மாடல் டி வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே காரைப் பெருவாரியாகச் செய்து காட்டியவர்கள் இவர்கள். ஓல்ட்ஸ் 1904இல் பங்குதாரர்களோடு மனம் கசந்து வெளியேறிவிட்டார். 1908இல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியை வாங்கிக்கொண்டது. இதுவரை உங்கள் பலகையோடு எனக்குச் சண்டை இல்லை.

அடுத்து வந்தவர் ஜெனரல் மோட்டார்ஸின் தலைவர் ஆல்ஃப்ரெட் ஸ்லோன். 1920களில் அவர் போட்ட விலை ஏணிதான் இந்தக் கதையின் முதுகெலும்பு. கீழ்ப்படியில் ஷெவர்லே, அதற்கு மேல் போன்டியாக், நடுவில் ஓல்ட்ஸ்மொபில், மேலே ப்யூக், உச்சியில் காடிலாக். ஆலையில் வேலைக்குச் சேர்ந்த இளைஞன் ஷெவர்லேயில் தொடங்குவான். மேஸ்திரி ஆனதும் ஒரு படி ஏறுவான், இன்னும் கையில் காசு சேர்ந்தால் இன்னொரு படி. வாழ்நாள் முழுக்க ஒரே கம்பெனிக்குள் ஏறிக்கொண்டே இருக்கலாம். இந்த ஏற்பாட்டில் நடுப்படிதான் சிக்கலானது. கீழே இருப்பவனுக்கு மலிவு என்ற காரணம் உண்டு, மேலே இருப்பவனுக்குப் பவிசு உண்டு. நடுவில் நிற்பவன் எதற்காகச் சில நூறு டாலர் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்?

ஓல்ட்ஸ்மொபில் அதற்குச் சொன்ன பதில் பொறியியல். புதிதாக ஒன்று வந்தால் முதலில் இங்கே வரும். 1940 மாடல்களில் ஹைட்ரா-மேட்டிக். கிளட்சை மிதிக்காமலேயே ஓட்டும் முழுத் தானியங்கி கியரைப் பெருவாரியாகச் செய்து விற்றது உலகில் அதுவே முதல் முறை. போர் வந்ததும் அதே கியர் அமெரிக்க இலகு டாங்கிகளுக்குள் போனது. 1949இல் ராக்கெட் வி-8. புதிய பெரிய இன்ஜினை எடுத்து எடை குறைந்த உடலில் வைத்து ‘88’ என்று விற்றார்கள். அந்த ஆண்டு நாஸ்கார் பந்தயத்தில் ரெட் பைரன் பட்டம் வென்றது அதை ஓட்டித்தான். இந்தக் காரை மட்டும் நீங்கள் வைத்துக்கொண்டதற்கு நன்றி. பாக்கியை நான் சொல்கிறேன்.

1962இல் ஜெட்ஃபயர். காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ பொருத்திச் சந்தைக்கு வந்த முதல் கார்களில் ஒன்று. எரிபொருள் தாறுமாறாக வெடித்து இன்ஜின் தட்டாமல் இருக்க மெத்தனாலும் காய்ச்சி வடித்த நீரும் கலந்த திரவத்தை ஒரு தனித் தொட்டியில் ஊற்ற வேண்டும். ஊற்றத்தான் பலருக்கு நினைவில்லை. அந்த முயற்சி தோற்றது. தோற்றாலும் முயன்றவர்கள் அவர்கள். 1966இல் டொரனாடோ. 1930களின் கார்ட் காருக்குப் பிறகு அமெரிக்காவில் முன்சக்கரங்களை இயக்கி ஓடிய முதல் கார் இதுதான். ஏழு லிட்டரை நெருங்கும் வி-8 இன்ஜினை நீளவாக்கில் வைத்து, கியர்பெட்டியை அதன் பக்கவாட்டில் ஒட்டி, இரண்டுக்கும் நடுவே அகலமான ஒரு சங்கிலியால் விசையைக் கடத்தினார்கள். 385 குதிரைத் திறனையும் அந்தச் சங்கிலி தாங்கியது. பழைய கூடத்தில் அதன் மூடியைத் திறந்து வைத்திருந்தீர்கள். அந்தச் சங்கிலியைப் பார்த்த பொறியியல் மாணவர்கள் அங்கிருந்து நகர மாட்டார்கள். 1974 மாடலில் கூடுதல் காசு கொடுத்தால் ஏர்பேக் கிடைத்தது. அமெரிக்கக் கார்களில் அது பரவலாக இன்னும் பத்து ஆண்டுக்கு மேல் ஆனது.

நடுப்படிக்காரர்கள் காசு கொடுத்தது இதற்குத்தான். 1976இல் அமெரிக்காவில் அதிகம் விற்ற கார் ஓல்ட்ஸ்மொபில் கட்லஸ். மறு ஆண்டு ஓல்ட்ஸ்மொபிலின் மொத்த எண்ணிக்கை 10 லட்சத்தைத் தாண்டியது.

இனி வரும் பகுதியைத்தான் உங்கள் புதுக் கூடம் விழுங்கிவிட்டது.

1977. கட்லஸ் அப்படி விற்றதால் ஓல்ட்ஸ்மொபிலின் சொந்த இன்ஜின்களுக்குத் தட்டுப்பாடு. டெல்டா 88 கார்கள் பலவற்றில் அதே 350 கன அங்குல அளவுள்ள ஷெவர்லே இன்ஜினைச் சத்தமில்லாமல் பொருத்தி அனுப்பினார்கள். சிகாகோ பக்கம் ஒருவர் பராமரிப்புக்கு விட்டபோது ஓல்ட்ஸ்மொபிலுக்கு உரிய ஆயில் ஃபில்டரும் மின்விசிறி பெல்ட்டும் பொருந்தவில்லை. குட்டு உடைந்தது. இலினாய் மாநில அட்டர்னி ஜெனரல் வில்லியம் ஸ்காட் வழக்குத் தொடுத்தார், மற்ற மாநிலங்களும் சேர்ந்துகொண்டன. கடைசியில் இழப்பீடு கொடுத்துச் சமரசம் செய்துகொண்டார்கள். அதற்குப் பின் வந்த விளம்பரங்களின் அடியில், இன்ஜின்கள் ஜெனரல் மோட்டார்ஸின் பல்வேறு பிரிவுகளில் தயாரானவை என்று பொடி எழுத்தில் ஒரு வரி ஒட்டிக்கொண்டது.

ஷெவர்லே இன்ஜின் மட்டமானது இல்லை. நல்ல இன்ஜின், சொல்லப்போனால் அந்தத் தலைமுறையின் ஆகச் சிறந்த இன்ஜின்களில் ஒன்று. பிரச்சினை வேறு இடத்தில். இன்ஜின் எல்லாம் ஒன்றுதான் என்று கம்பெனியே நீதிமன்றத்தில் வாதாடிய பிறகு, நடுப்படியில் நிற்பவன் கூடுதல் காசு கொடுக்க என்ன காரணம் மிச்சம்? வாங்குபவர்கள் ஏணியை விட்டு இறங்கவில்லை. ஏணியின் படியைப் பெயர்த்தவர்கள் உள்ளே இருந்தவர்கள்.

டீசல் கதை இதைவிட மோசம். நீங்கள் அகற்றியதிலேயே என்னால் பொறுக்க முடியாதது அதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1973இன் எண்ணெய்த் தட்டுப்பாட்டுக்குப் பிறகு, கார்கள் சராசரியாக இத்தனை மைல் கொடுத்தாக வேண்டும் என்று 1975இல் சட்டம் வந்தது. 1978 மாடல்களிலிருந்து அது நடைமுறை. பெரிய கார்களையும் விற்க வேண்டும், எரிபொருளும் குறைய வேண்டும். ஓல்ட்ஸ்மொபில் 5.7 லிட்டர் வி-8 டீசல் ஒன்றைக் கொண்டுவந்தது. பெட்ரோல் இன்ஜினின் பிளாக்கை அப்படியே எடுத்து டீசலாக்கிவிட்டார்கள் என்று பலர் சொல்வார்கள், அது சரியல்ல. பிளாக்கைக் கனமாக்கித்தான் வார்த்தார்கள். ஆனால் பெட்ரோல் இன்ஜினைக் கடைந்த அதே இயந்திர வரிசையிலேயே இதையும் கடைய வேண்டும் என்று கணக்குப் பார்த்ததால், சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டை இறுக்கும் போல்ட்களின் எண்ணிக்கையையும் இடத்தையும் மாற்றவில்லை. ஒரு ஹெட்டுக்குப் பத்து போல்ட்.

பெட்ரோல் இன்ஜின் சிலிண்டருக்குள் காற்றை எட்டு மடங்கை ஒட்டி அழுத்திச் சுருக்கும். இந்த டீசலில் 22.5 மடங்கு. அதே பத்து போல்ட். போல்ட் நீண்டுகொடுக்கும், ஹெட் இம்மியளவு எழும்பும், நடுவே கசிவைத் தடுக்கும் கேஸ்கட் விடும், இன்ஜினைக் குளிர்விக்கும் நீரான கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்கும். நீரை அழுத்த முடியாது, உள்ளே ஏதாவது ஒன்று முறியும். பழுது பார்த்தவர்களில் பலர் கேஸ்கட்டை மட்டும் மாற்றி, நீண்டுபோன பழைய போல்ட்டையே திரும்ப மாட்டினார்கள், அது மறுபடியும் விட்டது. போதாக்குறைக்கு எரிபொருள் குழாயில் தண்ணீரைப் பிரிக்கும் சாதனம் வைக்கவில்லை. அன்று பங்க்குகளில் கிடைத்த டீசலில் நீர் கலந்திருப்பது சகஜம், அது இன்ஜெக்ஷன் பம்ப்பை அரித்தது. 1983இல் அமெரிக்க அரசின் வணிகக் கண்காணிப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனோடு ஜெனரல் மோட்டார்ஸ் செய்துகொண்ட உடன்பாட்டில், புகார்களை நடுவர்களிடம் விட ஒப்புக்கொண்ட பட்டியலில் டீசல் பாகங்களும் இருந்தன. பிந்தைய ஆண்டுகளில் இன்ஜினைத் திருத்தினார்கள், திருத்திய வடிவம் பரவாயில்லை என்றே கேள்விப்பட்டவர்கள் சொல்வார்கள். அதற்குள் பெயர் போய்விட்டது. 1985 மாடலோடு நிறுத்திவிட்டார்கள்.

உங்கள் பழைய கூடத்தில் அந்த ஹெட் இடுப்புயர மேசையில் கிடந்தது. கண்ணாடி இல்லை, தொடலாம். நான் பிள்ளைகளை அழைத்து ஓட்டைகளில் விரலை விட்டு எண்ணச் சொல்வேன். பத்து என்பார்கள். பக்கத்தில் இருக்கும் பெட்ரோல் ஹெட்டை எண்ணச் சொல்வேன். அதுவும் பத்து. அழுத்தக் கணக்கை அப்போது சொன்னால் போதும், எட்டாம் வகுப்புப் பிள்ளை கூட மேலே விளக்கம் கேட்காது. இரண்டு வார்ப்பிரும்புத் துண்டுகள் அரை நிமிடத்தில் சொல்லிவிடும் விஷயத்தை எந்தத் தொடுதிரையும் சொல்லாது. ஹெட் இருந்த அதே இடத்தில் இப்போது விரும்பிய நிறத்தைத் தேர்ந்து கனவுக் கார் வரையும் தொடுதிரை வைத்திருக்கிறீர்கள்.

டீசல் கெட்ட பிறகும் 1985இல் 10 லட்சத்து 66 ஆயிரம் கார் விற்றதே, அதுதானே உச்சம் என்று உங்கள் காப்பாளர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். கார் வாங்குகிறவர் இன்று பட்ட சூட்டை இன்றே காட்ட மாட்டார். கடனை அடைத்து, நாலைந்து ஆண்டு ஓட்டி, அடுத்த கார் வாங்கும்போது வேறு கடைக்குப் போவார். அப்படிப் போனார்கள். 1990களின் தொடக்கத்திலேயே விற்பனை அந்த உச்சத்தில் பாதிக்கும் கீழே. 1989இல் அமெரிக்காவில் அதிகம் விற்ற காரின் பெயர் ஹோண்டா அக்கார்ட். பதின்மூன்று ஆண்டுக்கு முன் அந்த இடத்தில் இருந்தது கட்லஸ்.

இதற்கு நடுவே மூன்றாவது அடி. 1980களில் ஒரே மாவை நான்கு தட்டில் ஊற்றி நான்கு பெயர் வைத்தார்கள்: ஷெவர்லே செலிப்ரிட்டி, போன்டியாக் 6000, ஓல்ட்ஸ்மொபில் கட்லஸ் சியெரா, ப்யூக் செஞ்சுரி. 1983 ஆகஸ்டில் ஃபார்ச்சூன் இதழ் இந்த நான்கையும் வரிசையாக நிறுத்தி அட்டையில் போட்டது. சின்னம் மறைத்து நீங்கள் மாட்டியிருந்த படங்கள் அதே நான்கு கார்கள்தான். எது எது என்று கேட்டால் பார்வையாளர்கள் ஊகிப்பார்கள், தவறாகவே ஊகிப்பார்கள். இதே கார்களைத் தொட்டு வேலை செய்தவர்கள் கூடத் தடுமாறி, பின்விளக்கைத் தேடிப்போய்ப் பார்ப்பார்கள்.

1984இல் ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ரோஜர் ஸ்மித் கம்பெனியை இரண்டு பெரும் கூறாக்கினார். ஒன்றில் ப்யூக், ஓல்ட்ஸ்மொபில், காடிலாக்; மற்றொன்றில் ஷெவர்லே, போன்டியாக், கனடா. அதோடு ஓல்ட்ஸ்மொபிலுக்கென்று தனியே இருந்த பொறியியல் பிரிவும் ஆலை நிர்வாகமும் கைவிட்டுப் போயின. ஹைட்ரா-மேட்டிக்கையும் டொரனாடோவையும் செய்தவர்களின் வாரிசுகள், பொதுவில் செய்த காருக்குக் கிரில் வடிவம் பார்க்கும் நிலைக்கு வந்தார்கள். எனக்கு அந்தக் காலத்து ஓல்ட்ஸ்மொபில் ஆட்கள் பலரைத் தெரியும். அந்த ஆண்டைப் பற்றிப் பேச்சு வந்தால் குரல் தாழ்ந்தது கிடையாது, உயரும். நீங்கள் எடுத்துவிட்ட ஒலிப்பதிவுகளில் அந்தக் கோபம் இருந்தது.

இவையெல்லாம் நடந்த பிறகுதான் 1988இல் அந்த விளம்பரம் வந்தது, இது உங்கள் அப்பாவின் ஓல்ட்ஸ்மொபில் இல்லை என்று. உங்கள் பலகை சாய்ந்து நிற்பது இந்த விளம்பரத்தின் மேல்தான். விளம்பரம் கம்பெனியைக் கொன்றது என்று சொல்பவர்களோடும் நான் ஒத்துப்போகவில்லை. அதற்குள் சரக்கில் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை, அதனால் வாங்குபவரின் வயதைப் பேசினார்கள். காசு கொடுத்துக்கொண்டிருந்த அப்பாவுக்கும் மனம் புண்பட்டது, மகனும் வரவில்லை. இத்தனை ஆண்டு கழித்து ஓர் அருங்காட்சியகம் அந்த விளம்பரத்தின் வாதத்தையே வரலாறு என்று பலகையில் எழுதி மாட்டும் என்று நான் நினைத்ததில்லை.

வயதுதான் காரணம் என்றால் ஒன்றுக்கு விடை சொல்லுங்கள். ப்யூக் வாங்கியவர்கள் இளைஞர்களா? ஓல்ட்ஸ்மொபில் வாங்கியவர்களைவிட மூத்தவர்கள் என்று அன்றே எல்லாரும் சொல்வார்கள். ப்யூக் இன்றும் இருக்கிறது. சீனாவில் ஷாங்காய்க் கூட்டுக் கம்பெனி வழியே அது பிடித்த சந்தைதான் அதைக் காப்பாற்றியது. மறுபக்கம், ஜெனரல் மோட்டார்ஸுக்குள் இளைஞர்களின் பெயர் என்று கொண்டாடப்பட்டது போன்டியாக். அதை 2010இல் மூடினார்கள். கிழவர்களின் பெயர் வாழ்கிறது, வாலிபர்களின் பெயர் செத்தது. உங்கள் பலகையின் கணக்கு எங்கே இடிக்கிறது பாருங்கள்.

கிறைஸ்லரின் டிசோட்டோ 1960இல் போயிற்று, ப்ளிமத் 2001இல். ஃபோர்டின் மெர்க்குரி 2011இன் தொடக்கத்தில். ஏணியில் இவை நின்ற இடங்கள் வேறு வேறு. ஆனால் பக்கத்துப் படியில் இருப்பதையே வேறு பெயரில் விற்ற பிறகுதான் ஒவ்வொன்றும் போனது. மெர்க்குரியை ஃபோர்டிலிருந்து பிரித்தறிய கடைசியில் கிரில்லின் கம்பிகள்தான் மிச்சமிருந்தன.

ஓல்ட்ஸ்மொபிலுக்கு மீளும் வாய்ப்பு இருக்கவே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். சிறு காருக்கென்று டென்னசியில் சாட்டர்ன் என்ற புத்தம்புதுப் பெயரைத் தொடங்கிப் பணத்தைக் கொட்டினார்கள். அதுவும் 2010இல் மூடப்பட்டது. அந்தப் பணத்தில் ஒரு பகுதி லான்சிங்குக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த ஊர்க்காரர்கள் இன்றும் பேசுவார்கள். 1995 மாடலாக வந்த அரோராவைப் பாருங்கள். தனக்கென்று வி-8, தனக்கென்று உருவம், உண்மையிலேயே நல்ல கார். அதன் வெளிப்புறத்தில் ஓல்ட்ஸ்மொபில் என்ற பெயரைப் பொறிக்கவில்லை! பெயரைச் சொன்னால் வாங்க மாட்டார்கள் என்று பெற்றவர்களே பயந்த பிள்ளை அது. 2000 டிசம்பர் 12 அன்று மூடும் முடிவை அறிவித்தார்கள். ஏறத்தாழ 2,800 டீலர்களுக்கு ஈடு கட்ட வேண்டியிருந்தது. 2004 ஏப்ரல் 29 அன்று கருஞ்செர்ரி நிற அலெரோ ஒன்று, தொழிலாளர்கள் கையெழுத்திட்டபடி, லான்சிங் ஆலையின் வரிசையிலிருந்து கடைசியாக இறங்கியது. 107 ஆண்டு, 3 கோடியே 50 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள், அவற்றில் 1 கோடியே 40 லட்சமாவது அந்த ஒரே ஊரில் செய்தவை.

அந்த ஊர்க்காரர்களின் கையில் குறை இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. அலெரோ நிற்பதற்கு முன்பே, 2001இல், லான்சிங்கில் புதிய ஆலை திறந்து காடிலாக்குகளைச் செய்யத் தொடங்கிவிட்டார்கள். இதையும் சொல்லாமல் விடுவது முறையாகாது, ஊர் பாழாய்ப் போகவில்லை. பெயரைத்தான் எடுத்தார்கள்.

போன மாதம் மிச்சிகனின் நோவை ஊரிலிருந்து வந்த ஒரு குடும்பம். பலகையைப் படித்துவிட்டு அந்தச் சிறுமி என்னிடம் கேட்டாள்: “ஏன் தாத்தா, வயசானவங்க வாங்கினா கம்பெனிய மூடிடுவாங்களா?” உங்கள் விளக்கக் குறிப்பில் இதற்குப் பதில் இல்லை. இல்லம்மா என்று சொல்லிவிட்டுப் பத்து போல்ட் கதையைச் சொன்னேன். ஹெட் எங்கே, காட்டுங்க என்றாள். வெறுங்கையைக் காட்டிக்கொண்டு நின்றேன். குறிப்பைத் தாண்டிப் பேசியதற்காக அடுத்த வாரம் என்னை அழைத்து விசாரித்தார்கள். விசாரித்தவர் மரியாதையாகவே பேசினார், அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அவருக்கு உத்தரவு போட்டவர்கள் நீங்கள்.

புதுப்பிப்புக்கான பணம் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கப் போவதில்லை. தவறுகளைக் காட்டினால் கூடம் சோகமாகிவிடும் என்று ஓர் அதிகாரி சொன்னதாகக் கேள்விப்பட்டேன். என் அனுபவம் நேர்மாறானது. பழைய கூடத்தில் மக்கள் அதிக நேரம் நின்ற இடமே அந்த உடைந்த இன்ஜின் மேசைதான். கார் செய்யும் மாநிலத்தில், கார் செய்து பிழைத்த குடும்பங்களிடம், கார் எப்படிக் கெட்டது என்பதை மறைப்பது யாருக்காக? பழியைக் கார் வாங்கியவர்களின் தலையில் கட்டி, முடிவெடுத்தவர்களைப் படத்திலிருந்தே எடுத்துவிட்டீர்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

நான் கேட்பவை இவை. அந்தப் பலகையைக் கழற்றி, 1977 இன்ஜின் வழக்கு, 1978 டீசல், 1984 பிரிப்பு, 2000இன் அறிவிப்பு ஆகிய நான்கையும் ஆண்டோடும் முடிவெடுத்த நிர்வாகத்தின் பெயரோடும் எழுதிய புதுப் பலகை வையுங்கள். ரசனை மாறியதையும் ஜப்பானியக் கார்கள் வந்ததையும் அதில் தாராளமாகச் சேருங்கள், அவையும் உண்மைதான். டீசல் ஹெட்டையும் பெட்ரோல் ஹெட்டையும் கண்ணாடி போடாமல் தொடும் உயரத்தில் திரும்ப வையுங்கள். அந்த நான்கு கார்களின் படங்கள் சுவருக்கு வரட்டும். அவற்றுக்கு இடம் பெரிதாக வேண்டாம், கனவுக் கார் திரைக்குப் பின்னால் இருக்கும் சுவர் போதும்.

தொழிலாளர்களின் ஒலிப்பதிவுகளைப் படியெடுத்துப் பொது நூலகத்தில் சேருங்கள், மூலத்தை எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள். 1960களில் ஆலைக்குள் நுழைந்தவர்களுக்கு இப்போது எண்பதை ஒட்டிய வயது. இன்னும் பேச வேண்டியவர்கள் சிலரை எனக்குத் தெரியும். ஒலிப்பதிவுக் கருவியையும் ஓர் அறையையும் கொடுத்தால் நானே அவர்களை அழைத்து வருகிறேன், சம்பளம் வேண்டாம்.

வழிகாட்டிகளுக்கு வந்த சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். குறிப்பில் பிழை இருந்தால் சுட்டிக்காட்டும் உரிமையை எழுத்தில் கொடுங்கள். பள்ளிப் பிள்ளைகளின் சுற்றுலாக்கள் தொடங்கும் முன் தன்னார்வலர்களையும் பழைய ஆலைத் தொழிலாளர்களையும் ஒரு மாலை அழைத்து, யார் எதற்காக இந்த மாற்றங்களை முடிவு செய்தீர்கள் என்று நேரில் சொல்லுங்கள்.

இந்தக் கடிதத்துக்கு அச்சடித்த நன்றி வேண்டாம். கோரிக்கைகளில் எதைச் செய்வீர்கள், எதைச் செய்ய மாட்டீர்கள், ஏன் என்று பதில் எழுதுங்கள். அதுவரைக்கும், அந்த டீசல் ஹெட் எந்தக் கிடங்கில் எந்த அடுக்கில் இருக்கிறது என்பதை மட்டுமாவது எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
சனிக்கிழமை வழிகாட்டி ஒருவர்
மிச்சிகன்